மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குக் கடலோரமாக: குடும்பத்தோடு காரில் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஓமன் தலைநகர் மஸ்கட்டிலிருந்து தெற்கே இருக்கும் சலாலாவுக்கு இரண்டு சாலைகள் உண்டு. ஆதம், ஹைமா, தும்ரைத் வழியாகப் பாலைவனத்தின் நடுவே போகும் 31-ஆம் எண் நெடுஞ்சாலை சுமார் 1,000 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் அன்று இரவே சலாலாவில் சாப்பிடலாம். நம் ஆட்களில் பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள்; பின்சீட்டில் பிள்ளைகள் வாடிப்போய்க் கிடப்பார்கள்.

இன்னொன்று அரபிக்கடலை ஒட்டிப் போகும் சாலை. சூர், அஷ்கரா, முஹூத், துக்ம், ஷுவைமியா, ஹாசிக், மிர்பாத் என்று சுற்றிக்கொண்டு போய்ச் சேர 1,300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இதை ஊர் போய்ச் சேர்வதற்கான வழியாக நினைத்தால் சலித்துவிடும். பயணமே இந்தச் சாலைதான், சலாலா அது முடியும் இடம் என்று எடுத்துக்கொண்டால் மட்டும் போங்கள். ஒரு நாளில் எவ்வளவு தூரம் போவது என்பதை வண்டியின் வேகம் முடிவு செய்யக் கூடாது. அடுத்த பெட்ரோல் பங்க், மாலை வெளிச்சம், கடைக்குட்டியின் பொறுமை ஆகிய மூன்றும்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்லும் எல்லா யோசனைகளும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். பகலில் இதமான வெயில், இரவில் மெல்லிய போர்வை போதும், கடலும் ஓரளவு அமைதி. இந்தியப் பள்ளிகளின் டிசம்பர் விடுமுறை இதற்குள் வருவது நம் அதிர்ஷ்டம்.

ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் பிற்பகுதி வரை சலாலாவில் கரீஃப். தென்மேற்குப் பருவக்காற்று தோஃபார் மலைகளில் மூடுபனியும் தூறலுமாக இறங்கி மலையைப் பச்சையாக்கும். அதே காற்று கடலோரச் சாலையிலும் வேலை செய்கிறது. உள்நாட்டில் 45 டிகிரி கொதிக்கும்போது அஷ்கராவிலும் துக்மிலும் மாலையில் வெளியே உட்கார முடியும். ஆழத்துக் குளிர்ந்த நீரைக் காற்று மேலே கொண்டுவருவதால் கிடைக்கும் சலுகை அது. ஆனால் அந்தக் காற்று கூடாரத்தை நிற்கவிடாது, மணலை அள்ளிச் சாலையில் போடும், கடல் கொந்தளிக்கும். கரீஃபுக்குப் போவதானால் கூடாரத்தை மறந்துவிட்டு அறைகளை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

மே, ஜூன் மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அரபிக்கடலில் புயல் வரலாம். 2007 ஜூனில் கோனு, 2018 மே மாதத்தில் மெகுனு, அதே ஆண்டு அக்டோபரில் லுபான், 2021 அக்டோபரில் ஷாஹீன் என்று ஓமன் வாங்கிய அடிகள் நிறைய. அந்த மாதங்களில் கிளம்புமுன் ஓமன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் விடுமுறை வீணாகிறதே என்று பார்க்காமல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வண்டி

முழுப் பாதையும் தார்ச்சாலைதான். சாதாரண செடான் காரிலேயே சலாலா வரை போய்விடலாம். ஃபோர்வீல் வண்டி தேவைப்படுவது கடற்கரை மணலுக்கும், கலூஃபின் வெண்மணல் குன்றுகளுக்கும், ஷுவைமியா பள்ளத்தாக்கின் உட்பகுதிக்கும்தான். ஆனால் ஃபோர்வீல் வைத்திருப்பவர்கள்தான் மணலில் அதிகம் சிக்குகிறார்கள், அது எங்கேயும் போகும் என்ற நம்பிக்கையில். இரண்டு வண்டிகள் சேர்ந்து போகவில்லை என்றால் தாரை விட்டு இறங்காதீர்கள். குழந்தைகளோடு தனி வண்டியில் போகிறவர்களுக்கு இதில் விதிவிலக்கே கிடையாது.

டயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் அச்சிட்டிருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஐந்து வயது தாண்டிய டயரோடு இந்தப் பயணம் வேண்டாம். வெயிலில் ரப்பர் இறுகி, சூடான தாரில் வெடிக்கும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் டிக்கியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு முறை வீட்டு வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். பேட்டரி, கூலன்ட், ஏசி பெல்ட், வைப்பர் ரப்பர் ஆகியவற்றை வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பனி நாட்களில் உப்பு ஈரமும் மணலும் சேர்ந்து கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். அப்போது நல்ல வைப்பரின் அருமை தெரியும்.

வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம். பல நிறுவனங்கள் தினமும் 200, 250 என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனியாக வாங்குகின்றன. தாரை விட்டு இறங்கினால் காப்பீடு செல்லாது என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். அமீரகத்திலிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு ஓமனில் செல்லும் காப்பீடு வேண்டும். இந்தியாவிலிருந்து சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் ஊர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்து வாருங்கள். இங்கே வண்டி வலப்பக்கம் ஓடும். முதல் இரண்டு நாட்களை நகரத்துக்குள் ஓட்டிப் பழகிவிட்டுக் கிளம்புவது நல்லது, குறிப்பாக ரவுண்டானாக்களில்.

சிறு குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட வேண்டும்.

டிக்கியில் என்ன ஏற்றுவது

தண்ணீரை முதலில் ஏற்றுங்கள், மற்றவற்றை மீதி இடத்தில் வையுங்கள். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கிடுங்கள். கை, கால், பாத்திரம் கழுவத் தனியாக இருபது லிட்டர் கேன் ஒன்று. இரண்டு நாளைக்கான தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். ஊர் வந்ததும் குடித்த அளவை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பிறகு: டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸர், அழுத்தம் பார்க்கும் கருவி, மண்வெட்டி, இழுவைக் கயிறு, ஜம்பர் கேபிள், நெற்றியில் மாட்டும் டார்ச், வெயில் மறைப்புக்கு ஒரு தார்பாய், முதலுதவிப் பெட்டி. மருந்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல் மருந்து, வாந்தி மாத்திரை, கண்ணில் மணல் விழுந்தால் கழுவ மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் ஆகியவற்றை மறக்காதீர்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை உள்ளவர்கள் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கும் என்று நம்பக் கூடாது. வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். நீண்ட தூரங்களுக்குச் சிக்னல் வராது. ஒருவரிடம் ஓமன்டெல், இன்னொருவரிடம் ஊரிடூ என்று இரண்டு நிறுவனங்களின் சிம் இருந்தால் ஒன்று கைவிட்ட இடத்தில் மற்றொன்று உதவும். மஸ்கட்டில் யாரிடமாவது தினசரித் திட்டத்தை எழுதிக் கொடுத்து, மாலையில் சேர்ந்ததும் செய்தி அனுப்புவதை வழக்கமாக்குங்கள். அவசர அழைப்பு எண் 9999.

பெட்ரோல் செலவு பயப்படும் அளவில் இல்லை. 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் வண்டி, போகவர 2,500 கிலோமீட்டர் என்றால் 300 லிட்டர். லிட்டர் 240 பைசா (ஆயிரம் பைசா ஒரு ரியால்) என்று வைத்தால் 72 ரியால். ஆனால் பங்க் இருக்கும் இடம்தான் முக்கியம். பாதி டாங்கிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். பாதி இருந்தாலும் பங்க் கண்ணில் பட்டால் நிரப்புங்கள். கார்டு இயந்திரம் வேலை செய்யாத நேரங்கள் உண்டு, எனவே கையில் ரொக்கம் வையுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் சிற்றூர்களில் கடைகள் மூடியிருக்கும். அன்றைய நிறுத்தத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். ரமலான் மாதம் என்றால் பகலில் உணவகம் திறந்திராது, வெளியில் வைத்துச் சாப்பிடவும் கூடாது. பிள்ளைகளுக்கு வண்டிக்குள்ளேயே கொடுக்க வேண்டியிருக்கும்.

நாள் 1: மஸ்கட் – ராஸ் அல் ஜின்ஸ் (சுமார் 250 கி.மீ.)

எளிய நாள். சூர் வரை அகன்ற நெடுஞ்சாலை. ஒரு பக்கம் ஹஜர் மலை, மறுபக்கம் கடல். வேக வரம்பு 120. கேமராக்கள் நிறைய. வளைகுடா வண்டிகள் பல 120-ஐத் தாண்டினால் தாமாகவே மணியடிக்கும். அதைக் கேட்டுப் பின்சீட்டிலிருந்து பிள்ளைகள் கண்டிக்கத் தொடங்குவது நல்ல ஏற்பாடு.

முதல் நிறுத்தம் பிம்மா பள்ளம். சுண்ணாம்புப் பாறை கரைந்து உள்ளே விழுந்து உண்டான குழி. அடியில் பச்சை நீலத்தில் தண்ணீர். படிக்கட்டு வழியே இறங்கிக் காலை நனைத்தால் சிறு மீன்கள் வந்து கடிக்கும். பிள்ளைகளுக்கு இதுவே போதும். வாதி என்றால் மழை பெய்தால் நீர் ஓடும் பள்ளத்தாக்கு. அடுத்து வரும் வாதி ஷாப்பைப் பார்த்தே தீர வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். படகில் வாய்க்காலைக் கடந்து, பாறைகளில் முக்கால் மணி நேரம் நடந்து, பிறகு நீந்தினால்தான் குகை அருவி. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோ முழங்கால் வலியுள்ள பெற்றோரோ உடன் வந்தால் விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே வாதி திவி இருக்கிறது. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வண்டியிலேயே உள்ளே போகலாம். சாலை குறுகல் என்பதால் எதிரே வண்டி வந்தால் பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்ஹாத்தில் பீபி மர்யம் கல்லறை மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. மொராக்கோ பயணி இபின் பதூதா வந்து பார்த்த துறைமுக நகரம் இது. 1508-இல் போர்த்துகீசியர் அழித்தனர், 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சூரில் மரக்கப்பல் கட்டும் பட்டறையையும், 1951-இல் இங்கே கட்டப்பட்ட ஃபதஹ் அல் கைர் கப்பலையும் பாருங்கள். கப்பல் ஒருகாலத்தில் யேமனுக்கு விற்கப்பட்டுவிட்டது. 1993-இல் ஊர்க்காரர்கள் மீட்டுக் கொண்டுவந்தார்கள். இந்தியக் கரைகளுக்குச் சரக்கேற்றிப் போன மரக்கலங்கள் சூரில் கட்டப்பட்டவை. பட்டறை மரங்களில் கணிசமானவை மலபார்த் தேக்கு.

இரவுக்கு ராஸ் அல் ஜின்ஸ். பச்சை ஆமைகள் முட்டையிடும் இந்தக் கடற்கரை 1996 முதல் காப்பகம். ஆண்டு முழுவதும் ஆமைகள் வரும், கோடையில்தான் மிகுதி. குளிர்காலத்தில் ஒன்றோ இரண்டோ, சில நாள் எதுவுமில்லாமலும் போகலாம். இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். வழிகாட்டியோடு இரவு ஒரு முறையும் விடியலுக்கு முன் ஒரு முறையும் அழைத்துப் போகிறார்கள், முன்பதிவு தேவை. சிறு பிள்ளைகள் இருந்தால் விடியல் சுற்றையே தேர்ந்தெடுங்கள். இரவுச் சுற்றுக்குக் காத்திருந்து தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் சுமந்து மணலில் நடப்பது தண்டனை. விடியலில் ஆமை கடலுக்குத் திரும்புவதை வெளிச்சத்திலேயே பார்க்கலாம். ஃபிளாஷ், டார்ச், போன் வெளிச்சம் எதுவும் கூடாது. வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலே ஆமை திரும்பிவிடும். ஒரு முறைக்குச் சுமார் நூறு முட்டைகள், குஞ்சு வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம்.

நாள் 2: அஷ்கரா வரை மட்டும்

நூறு கிலோமீட்டர்கூட இல்லை. வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறேன். விடியலில் எழுந்த பிள்ளைகள் மதியம் தூங்க வேண்டும். அஷ்கரா மீனவர் ஊர்; மாலையில் படகுகள் கரையேறுவதைப் பார்க்கலாம். வஞ்சிரம் அன்றைக்குப் பிடித்ததாகக் கிடைக்கும். உணவகத்தில் கொடுத்தால் மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள், விலையை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடலோரத்தில் எவ்வளவு சிறிய ஊரானாலும் 'காஃபி ஷாப்' பலகை மாட்டிய ஒரு கடை இருக்கும், அதில் பெரும்பாலும் மலையாளி ஒருவர் இருப்பார். பரோட்டா, முட்டை, பருப்பு, கரக் டீ கிடைக்கும். தமிழில் பேசினாலே புரிந்துகொள்வார். 'சேட்டா, காரம் குறைச்சு' என்றால் பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்து தருவார். அடுத்த ஊரில் பங்க் திறந்திருக்கிறதா, சாலையில் மணல் எங்கே ஏறியிருக்கிறது என்பதை எந்த வரைபடத்தையும்விட அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல். சைவர்களுக்குத்தான் இரண்டாம் நாளிலிருந்து சலிப்புத் தட்டும். புளிக்காய்ச்சல், ஊறுகாய், அவல், சிறிய குக்கர், கேஸ் அடுப்பு ஒன்று இருந்தால் எந்தக் கரையிலும் சமையல். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள்; தயிர்சாதத்தைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

நாள் 3: அஷ்கரா – முஹூத் (200 கி.மீ.க்கு மேல்)

பாலைவனம் கடலுக்குள் இறங்குவதைக் காணும் நாள். ஷர்கியா மணல்குன்றுகள் சாலை வரை வந்து, சாலையைத் தாண்டிக் கடற்கரையோடு கலக்கின்றன. அஷ்கராவில் டாங்கியை நிரப்பாமல் கிளம்பாதீர்கள்.

இங்கே இரண்டு ஆபத்துகள். முதலாவது, சாலையில் படிந்த மணல். தூரத்திலிருந்து பார்த்தால் நிழல் போலத் தெரியும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அதில் ஏறினால் ஸ்டியரிங் கையை விட்டுப் போகும். காற்றுள்ள நாளில் 80-க்கு மேல் வேண்டாம். மணல்திட்டு தெரிந்தால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அதன் மேல் ஏறிய பிறகு பிரேக்கை மிதிக்கக் கூடாது.

இரண்டாவது, ஒட்டகம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கார் மோதினால் ஒட்டகத்தின் நீண்ட கால்கள்தான் பம்பரில் படும். பல நூறு கிலோ எடையுள்ள உடல் முன்கண்ணாடி வழியாக உள்ளே வந்து விழும். ஏர்பேக் இதற்குப் பதில் சொல்லாது. ஒட்டகங்கள் கூட்டமாகத்தான் நகரும். ஒன்று சாலையைக் கடந்தால் பின்னால் இன்னும் வரும் என்று எண்ணி நின்றுவிடுங்கள். ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்கே தெரியாது. இருட்டில் அதன் நிறமும் மணலின் நிறமும் ஒன்றுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே, பிற்பகல் நான்கு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிட வேண்டும் என்கிறேன். குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. திட்டமிட்ட ஊருக்கு இன்னும் நூறு கிலோமீட்டர் இருக்கும்போது நேரமாகிவிட்டால், எட்டிய ஊரில் தங்குங்கள். முன்பதிவுப் பணம் போனால் போகட்டும்.

முஹூத்துக்கு அருகில் பர் அல் ஹிக்மான் சேற்று வெளி. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து லட்சக்கணக்கான கரைப்பறவைகள் வந்திறங்கும் இடம். பைனாகுலர் இருந்தால் ஒரு காலைப்பொழுதை இங்கே கழிக்கலாம், ஆனால் தார்ச்சாலை ஓரத்திலிருந்து மட்டும். அந்தச் சமவெளி சப்கா எனப்படும் உப்புநிலம். மேலே காய்ந்து கட்டாந்தரையாகத் தெரியும். ஓரிரு அங்குலத்துக்குக் கீழே கொழகொழச் சேறு. இறங்கிய வண்டி அச்சு வரை புதையும். இழுக்க வந்த வண்டியும் அதன் பக்கத்திலேயே புதைந்த கதைகளை முஹூத் கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஷன்னாவிலிருந்து மசீரா தீவுக்குப் படகில் வண்டியையும் ஏற்றிப் போகலாம். ஓமனின் மிகப் பெரிய தீவு. பெருந்தலை ஆமைகள் முட்டையிடுவதில் உலகின் முக்கியமான இடங்களில் ஒன்று. கூடுதலாக இரண்டு நாள் இருந்தால் மட்டும் போங்கள். அவசரமாகப் போய்வர ஏற்ற இடமில்லை.

நாள் 4, 5: துக்ம்

வழியில் கலூஃப் வெண்மணல் குன்றுகள். படத்தில் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. குன்றுகளுக்குப் போக மென்மணலில் ஓட்ட வேண்டும். டயர் அழுத்தத்தை 15–18 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, தாருக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்ற வேண்டும். அலையோரத்து ஈரமணலில் ஓட்டுகிறவர்கள் ஓத நேரத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். கடல் ஏறினால் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் மென்மணல் என்று நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். இதையெல்லாம் முன்பு செய்து பழகாதவர்கள் ஊர்க்காரர் ஒருவரின் வண்டியில் கூலி பேசிப் போய்வருவதே அறிவு.

துக்ம் 2011 முதல் சிறப்புப் பொருளாதார மண்டலம். துறைமுகம், கப்பல் பழுதுபார்க்கும் தளம், எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை எல்லாம் வந்துவிட்டன. அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல விடுதி, மருத்துவமனை, டயர்க் கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது பயணத்தின் நடுவில் இங்கேதான். அதனால் இரண்டு இரவு தங்குங்கள். துணி துவைத்து, டயரையும் எண்ணெயையும் பார்த்து, பிள்ளைகளை நீச்சல் குளத்தில் விட்டு உட்காருங்கள். காற்றும் உப்பும் அரித்த பாறைப் பூங்காவை மாலையில் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஓய்வு நாளில் தெற்கே ராஸ் மத்ரகா போய்வருவது நல்லது: கரும்பாறைகளுக்கு இடையே வெள்ளை மணல், யாருமில்லாத கரை.

நாள் 6: துக்ம் – ஷுவைமியா (300 கி.மீ.க்கு மேல்)

நீண்ட நாள், பயணத்தின் மிகத் தனிமையான நாள். ஏழு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். லக்பி, அல் ஜாசிர் பக்கம் பங்க் கண்ட இடத்தில் நிரப்புங்கள். சவ்கிராவைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு மேட்டு நிலத்துக்கு ஏறும். ஷுவைமியாவில் மறுபடி கடலுக்கு இறங்கும். நடுவே பிள்ளைகளுக்குப் பார்க்க ஒன்றுமில்லை. பாட்டும், அந்தாக்ஷரியும், அம்மா சொல்லும் கதையும் இங்கேதான் பயன்படும். காலைப் பனிமூட்டத்தில் மங்கலான விளக்கைப் போட்டு ஓட்டுங்கள். பெரிய விளக்கு பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே திரும்பி அடிக்கும்.

ஷுவைமியாவில் எளிய தங்குமிடங்கள்தான். வானிலை நன்றாக இருந்தால் கூடாரத்துக்குச் சிறந்த ஊரும் இதுதான். ஓமனில் கூடாரம் அடிப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. ஆமைக் கரைகளில் கூடாது. ஊர் வீடுகளுக்கும் மீனவர் படகுகளுக்கும் எட்டி இருங்கள். வாதிப் படுகையில் மட்டும் ஒருபோதும் படுக்காதீர்கள். தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிந்தாலும் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மலையில் பெய்த மழை நள்ளிரவில் வந்து சேரும். ஓடும் வாதியை வண்டியில் கடப்பது சட்டப்படியும் குற்றம். உயிருள்ள மரத்தை விறகுக்கு வெட்டக் கூடாது. மஸ்கட்டிலிருந்தே கரி மூட்டை கொண்டு வாருங்கள். பெண்கள் கழிப்பறைக்குப் பங்க்கையும் பள்ளிவாசலையும் நம்பலாம். சுத்தம் இடத்துக்கு இடம் மாறும், சோப்பும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். உடை விஷயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருந்தால் எந்த ஊரிலும் சங்கடமில்லை.

காலையில் ஷுவைமியா பள்ளத்தாக்கு: உயர்ந்த வெண்பாறைச் சுவர்கள், பேரீச்சைகள், பாறை விதானத்திலிருந்து சொட்டும் நீர். சரளைப் பாதை என்பதால் செடான் உள்ளவர்கள் முகப்போடு திரும்பிவிடலாம்.

நாள் 7: ஷுவைமியா – ஹாசிக் – மிர்பாத்

மொத்தப் பயணத்திலும் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மலையைக் குடைந்து, கடலுக்கு மேல் தொங்குவது போல ஹாசிக் வரை அமைத்த சாலை. இது வருவதற்கு முன் உள்நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. ஏற்ற இறக்கங்கள் செங்குத்து; இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் கியரைக் குறையுங்கள். ஹாசிக்குக்கு அருகே சாலையோரத்திலேயே சுண்ணாம்பு விழுதுகள் தொங்கும் பாறையைக் காணலாம். தெளிந்த நாளில் தூரத்தில் ஹல்லானியாத் தீவுகள் தெரியும். 1854-இல் பிரிட்டனுக்குக் கொடுக்கப்பட்டு 1967-இல் ஓமனுக்குத் திரும்பியவை.

ஹாசிக் மலைப்பகுதி குந்திரிக்க மரங்களின் நாடு. மரப்பட்டையைச் சீவினால் வடிந்து இறுகும் நறுமணப் பிசின்தான் குந்திரிக்கம். வாங்குவதைச் சலாலா சந்தையில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை சாயலோடு தெளிந்த ஹோஜரி வகை உயர்ந்தது, விலையும் அப்படி.

கடலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: அஷ்கராவுக்குத் தெற்கே இது மெரினாவைவிட முரட்டுக் கடல். உயிர்காப்பாளர் கிடையாது, உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. முழங்கால் அளவு, பெரியவர் கையைப் பிடித்தபடி, குளிர்காலத்தில் மட்டும். கரீஃப் மாதங்களில் பாறைகளிலும் நிற்காதீர்கள். 2022 ஜூலையில் சலாலாவுக்கு மேற்கே முக்சைலில் பாதுகாப்பு வேலியைத் தாண்டி நின்ற குடும்பத்தினரை ஒரே அலை இழுத்துப் போனது, குழந்தைகளும் திரும்பவில்லை. படம் எடுக்க வேலிக்கு இந்தப் பக்கமே போதும்.

நாள் 8: மிர்பாத் – சம்ஹுரம் – சலாலா (70 கி.மீ.)

மிர்பாத்தின் பழைய வணிகர் வீடுகளைப் பார்த்துவிட்டு சம்ஹுரத்துக்கு வாருங்கள். கோர் ரோரி கழிமுகத்தின் மேல் நிற்கும் பழந்துறைமுகம்; குந்திரிக்க வணிகத்தால் வாழ்ந்தது; 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே 2006-இல் இத்தாலிய அகழ்வாய்வுக் குழு எடுத்த பானையோட்டில் தமிழ் பிராமி எழுத்து இருந்தது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை 'ணந்தை கீரன்' என்று படித்தார். ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டு. பருவக்காற்றில் கடல் கடந்து வந்த ஒரு கீரன் தன் பெயரை எழுதிய மண்கலம். சுவரோரம் நின்று பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் படித்த கடல் வணிகம் அங்கே சட்டென்று புரிந்துவிடும். தோஃபாரில் கிடைத்த பொருள்களைப் பார்க்கச் சலாலாவில் அல் பலீத் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

சலாலாவில் குறைந்தது இரண்டு இரவு. சாலையோரத் தென்னந்தோப்புக் கடைகளில் இளநீரும் வாழைப்பழமும் கிடைக்கும். எட்டு நாள் பாறையும் மணலும் பார்த்த கண்ணுக்குச் சொந்த ஊர் வந்ததுபோல இருக்கும்.

திரும்புதல்

திரும்பும்போது கடலோரம் வேண்டாம், 31-ஆம் நெடுஞ்சாலையில் ஏறுங்கள். தும்ரைத்தில் டாங்கியை நிரப்பி, ஹைமாவில் ஓர் இரவு தூங்கி எழுந்து ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டக்கூடிய தூரம்தான் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நேரான சாலையும் மதிய வெயிலும் ஓட்டுகிறவரைத் தூங்கவைக்கும். இருவர் ஓட்டத் தெரிந்தவர்கள் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடு சேர்ந்த மறுநாளே வண்டியின் அடிப்பக்கத்தை நன்னீரில் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். மேலே மட்டும் கழுவிவிட்டால் உப்பு உள்ளேயே தங்கிச் சில மாதங்களில் துரு பிடிக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றி மணலைத் தட்டுங்கள், தேவையென்றால் மாற்றுங்கள். மீதமிருக்கும் மருந்துகளையும் ஸ்டெப்னியின் காற்றையும் அன்றே சரிபார்த்து வைத்துவிட்டால் அடுத்த விடுமுறைக்குப் பாதி வேலை மிச்சம்.